கப்பலில் நின்ற விமானம்

ஒரு கன்னத்தில் நுரை தடவி முடித்துவிட்டு மறு கன்னத்துக்குப் போவதற்குள் அன்செல்மோ கண்ணைத் திறந்துவிட்டார்.

"மீசையை எடுத்துடாதே."

"இருந்தாத்தானேய்யா எடுக்கறதுக்கு? நாலு முடியை வச்சுக்கிட்டு அதுக்கு மீசைன்னு பேரு." பெர்லா அவர் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "பேசாம இரு. ஜோவி வர்றா. மகளுக்கு முன்னாடி துடைப்பக்கட்டை மாதிரி படுத்திருக்கப் போறியா?"

ஜோவியின் பேரைக் கேட்டதும் அவர் வாயை மூடிக்கொண்டு கன்னத்தை உப்பிக் காட்டினார். அந்த முகத்தில் உப்புவதற்கு என்ன மிச்சம் இருந்தது? தோல்தான். பெர்லா சவரக் கத்தியை மெதுவாக இழுத்தாள். மூக்கில் செருகியிருந்த பிராணவாயுக் குழாயை ஒதுக்கி ஒதுக்கி மழிக்க வேண்டியிருந்தது. கட்டிலை முன்னறைக்கே கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டிருந்தார்கள், ஆகாயம் தெரிய வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால்.

நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது. இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தினமும் வந்து பார்க்கிற நர்ஸ் லாவெர்ன் நேற்று நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை வெளியூர்ல இருந்தா வரச் சொல்லிடுங்கம்மா" என்றாள். வெளியூரா? ஜோவி இருந்தது நடுக்கடலில், ஐயாயிரம் பேர் குடியிருக்கிற விமானந்தாங்கிக் கப்பலில், தபால் பிரிக்கிற வேலையில். பெர்லா செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போன் போட்டாள். அவர்கள் டாக்டரிடம் விசாரித்துக்கொண்டு கப்பலுக்குச் செய்தி அனுப்பினார்கள். ராத்திரியே ஜோவிக்கு விடுப்பு கிடைத்துவிட்டது. காலையில் தபாலும் உதிரி சாமானும் கொண்டுபோகிற சரக்கு விமானம், திரும்புகிறபோது அவளை ஏற்றிக்கொண்டு வந்துவிடும்.

அதே ரக விமானத்தில்தான் அன்செல்மோ தன் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தார். பைலட்டாக அல்ல. பின்னால், அதன் தடித்த வயிற்றுக்குள் நின்றுகொண்டு, சரக்கை ஏற்றி, கட்டி, ஆட்களை உட்காரவைத்து, கப்பலில் கொண்டுபோய் இறக்குகிற வேலை. பிலிப்பைன்ஸில் பட்டதாரியாக இருந்து அமெரிக்கக் கப்பற்படையில் சேர்ந்தவர். ஆரம்பத்தில் அதிகாரிகளுக்குக் காப்பி ஊற்றினார். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த விமானத்துக்குள் ஏறிய நாளைத்தான் அவர் பிறந்தநாள் மாதிரி கொண்டாடுவார்.

பெர்லாவுக்கு இப்போது ஒரே ஒரு ஆசை. மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் போகட்டும். சாமியிடம் வேறு எதையும் கேட்கவில்லை. குணமாக்கு என்று கேட்பதைக்கூடப் போன மாதமே நிறுத்திவிட்டாள்.

முகத்தை வெந்நீர்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் ட்வைட் வந்து நின்று, இங்கே வா என்று தலையை அசைத்தார். ட்வைட் பர்விஸ் அந்தக் காலத்தில் அன்செல்மோவின் விமானத்தை ஓட்டியவர். ஆறடிக்கு மேல் உயரம், நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். மூன்று நாளாக வாசலிலேயே கிடக்கிறார். கையில் போன் இருந்தது.

"நேவி பேஸ்ல விசாரிச்சேன்," என்றார் மெல்லிய குரலில். "விமானம் கப்பல்ல இறங்கிடுச்சு. ஆனா திரும்பக் கிளம்பலை. இடது எஞ்சின்கிட்ட எண்ணெய் ஒழுகுதாம். டெக்லயே நிக்குது."

"எப்ப கிளம்பும்?"

"தெரியலை பெர்லா. சாயங்காலம் ஆகலாம். நாளைக்கும் ஆகலாம்."

"நாளைக்கா? அவருக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கா ட்வைட்?"

அடுப்பில் இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி அடிபிடிக்கிற வாசனை வந்தது. பெர்லா அதை இறக்கிவைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை.

"ஜோவி எங்கே?" என்றார் அன்செல்மோ.

"ஏறிட்டா."

"எறிஞ்சுட்டாங்களா?"

கப்பலின் மேல்தளத்திலிருந்து விமானத்தைக் கவண்கல் மாதிரி வீசி அனுப்புவதை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

"எறிஞ்சுட்டாங்க. இப்பத்தான் ட்வைட் கேட்டுட்டு வந்தாரு."

ஐயோ, அந்த முகம் மலர்ந்த மலர்ச்சி! இரண்டு நாளாகத் தண்ணீரைக்கூடத் துப்பிய மனுஷன் வாயைத் திறந்து கஞ்சி வாங்கிக்கொண்டார். ஒரு ஸ்பூன், இரண்டு, மூன்று. "உப்பு கம்மி" என்று குறை வேறு சொன்னார். பெர்லாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பொய்க்கு இவ்வளவு பலனா, இதைப் போன வாரமே சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அங்கேதான் அவள் கோட்டைவிட்டாள். வேறு யாருடைய புருஷனாக இருந்தாலும் அந்தப் பொய் செல்லுபடியாகியிருக்கும். இவரோ அந்தத் தூரத்தைத் தூக்கத்தில்கூடக் கணக்குப் போடுகிறவர். கப்பல் எங்கே நிற்கிறது, காற்று எந்தப் பக்கம், எவ்வளவு நேரத்தில் கரை, இறங்கி வாசலுக்கு வர எவ்வளவு நேரம் எல்லாம் அத்துப்படி. கடற்படைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு நாற்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

நடுப்பகல் வரை அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிவைத்திருந்தார். வீட்டுக்கு மேலே போர் விமானங்கள் இரண்டு இரைந்துகொண்டு போயின. அவர் அசையவில்லை. ஒரு ஹெலிகாப்டர் போயிற்று. அதற்கும் அசையவில்லை. அவருடைய விமானத்தின் விசிறிச் சத்தம் அவருக்குத் தெரியும். அது வரவேயில்லை.

"பெர்லா, மணி என்ன?"

சொன்னாள்.

"இன்னுமா வரலை?"

"வந்துடுவா. சுரங்கப்பாதையில டிராஃபிக்காம்."

அவர்கள் குடியிருந்த நார்ஃபோக்கில் எவனுக்கு எது தாமதமானாலும் கடலடிச் சுரங்கப்பாதையின் தலையில்தான் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்செல்மோ தலையைத் திருப்பி அவளையே பார்த்தார்.

"பேஸ்லேருந்து நம்ம வீட்டுக்கு வர எந்தச் சுரங்கப்பாதை?"

அவள் கிண்ணத்தை எடுத்தாள், வைத்தாள்.

"கார் வந்துதா?" என்றார்.

"எந்தக் கார்?"

"தெரியாத மாதிரி கேக்காதே. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ரெண்டு பேர் வருவாங்களே, அந்தக் கார். வந்துட்டுப் போயிடுச்சா? எனக்குத் தெரியக்கூடாதுன்னு வாசல்லயே பேசி அனுப்பிட்டியா?"

ஜோவி பிறப்பதற்கு முன்னால் ஒரு தடவை இதே மாதிரி ஒரு விமானம் கப்பலிலிருந்து கிளம்பி, கரைக்கு வந்து சேரவில்லை. அதில் அன்செல்மோவின் சிநேகிதன் ரூவெல் இருந்தான். ரூவெலின் மனைவி பெர்லாவின் சமையலறையில்தான் காத்திருந்தாள். போன் செய்தபோதெல்லாம் கொஞ்சம் லேட் என்றார்கள், அப்புறம் மழை என்றார்கள், அப்புறம் ஏதோ சின்ன ரிப்பேர் என்றார்கள். கடைசியில் சாவுச் செய்தியோடு அந்தக் கார் வந்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு விமானத்தைப் பற்றி லேட் என்று யாரும் வாயெடுத்துச் சொன்னதில்லை.

"இல்லைய்யா! அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை!"

"என் சட்டையை எடு." அவர் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். "எத்தனை பேர் ஏறினாங்க? மத்தவங்க வீட்ல சொல்லியாச்சா? எடு சட்டையை. நான் போகணும்."

"படுய்யா! ட்வைட்! ட்வைட்!"

ட்வைட் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார். பெர்லா குழாயைத் திரும்பவும் மூக்கில் வைக்கப் போராடினாள். அந்த எலும்புக்கூட்டுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ! உதடு நீலம் பாரித்துவிட்டது. பயத்தில் கண் வெளியே வந்துவிடும்போல இருந்தது. மகளைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று நம்பிக்கொண்டே இந்த மனுஷன் சாகப் போகிறார், அதைத் தன் கையாலேயே ஊட்டிவிட்டோம் என்பது பெர்லாவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"நான் பொய் சொன்னேன்," என்று கத்தினாள். "அவ ஏறவே இல்லை. விமானம் கப்பல்லயே நிக்குது. எண்ணெய் ஒழுகுதாம். அவ இன்னிக்கு வரமாட்டா. போதுமா? அவ வரமாட்டாய்யா!"

"ஆமா சீஃப்," என்றார் ட்வைட், அவரைப் பழைய பதவிப் பெயரால் கூப்பிட்டு. "சின்ன ரிப்பேர். டெக்ல பத்திரமா நிக்குது."

அன்செல்மோ அவரை ஏறிட்டுப் பார்த்தார். "அன்னிக்கு ரூவெல் பொண்டாட்டிக்குப் போன்ல பதில் சொன்னது யாரு ட்வைட்? நீங்கதானே? இதே வார்த்தைதானே சொன்னீங்க?"

ட்வைட்டின் முகம் செத்துவிட்டது. அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கிருந்து அவர் யார் யாரிடமோ கெஞ்சுவதும், அதட்டுவதும், அதிகாரியாக இருந்தவர் வாயில் வரக்கூடாத வார்த்தை ஒன்று வருவதும் கேட்டது. பெர்லா புருஷனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கையை உதறவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

வெகுநேரம் கழித்து ட்வைட் உள்ளே வந்து போனை அவர் காதில் வைத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார். முதலில் காற்று இரைந்தது, இரும்பில் இரும்பு மோதியது.

"அப்பா?"

அன்செல்மோ போன் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அப்பா, நான்தான் ஜோவி. கேக்குதா?"

"எங்கே இருக்கே?"

"கப்பல்லதான்ப்பா. அந்தப் பாழாப்போன விமானம் மக்கர் பண்ணுது. காலையிலேருந்து ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், தலையெல்லாம் வேர்த்துப் போச்சு."

அவர் அழுதார். சிரிப்பு மாதிரித்தான் வந்தது, ஆனால் கண்ணீர் காதுக்குள் ஓடியது. பெர்லா முந்தானை இல்லாத ஊர்க்காரி, சட்டைக் கையால் துடைத்துவிட்டாள்.

"எங்கே ஒழுகுது?" என்றார்.

"இடது எஞ்சின்ல. ஏதோ மூட்டுல கசியுதாம். மாத்திக்கிட்டு இருக்காங்க. நான் அவங்க உசிரை வாங்கிக்கிட்டு இருக்கேன்ப்பா, சீக்கிரம் சீக்கிரம்னு. எங்கப்பாவை நான் பாத்தாகணும்னு பைலட்கிட்ட சொல்லிட்டேன். நல்ல மனுஷன். உனக்காகவாவது இன்னிக்கே கிளப்பிடறேன்னாரு."

அன்செல்மோ மூச்சு வாங்கினார். ட்வைட் போனை இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

"உன்கூட எத்தனை பேர் வர்றாங்க?"

"பதினொரு பேரு."

"அவங்களுக்கும் வீடு இருக்கு." ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "அவசரப்படுத்தாதே. எனக்காகன்னு ஒருத்தனும் கிளம்பக்கூடாது. நல்லாப் பாக்கட்டும். முடிச்சுட்டாங்கன்னாலும் இன்னொரு தடவை பாக்கச் சொல்லு."

"அப்பா, நான் உங்களைப் பாக்க வேணாமா?"

"நான்தான் உன்னை இப்பப் பாத்துட்டேனே." அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பொறுமையா வா, கண்ணு."

இணைப்பு அறுந்துவிட்டது. கப்பலில் அப்படித்தான், சொல்லிக்கொண்டு அறுவதில்லை.

ட்வைட் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றார். அன்செல்மோ கையை நீட்டி அவர் விரலைப் பிடித்தார். "கோவிச்சுக்காதீங்க சார்" என்றார். ட்வைட் குனிந்து அவர் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்தினார்.

"எனக்குப் புத்தியில்லை," என்றாள் பெர்லா. "உன்னைப் பாதி வழியில கொன்னிருப்பேன்."

"உனக்குப் பொய் வராதுடி. கல்யாணம் ஆனதுலேருந்து வரலை. சாகப் போறவன்கிட்ட எதுக்கு அதைப் பழகறே?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் ஓரமாக நகர முயன்றார். புரிந்துகொண்டு கட்டிலில் ஏறி, அவர் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு படுத்தாள். சவரம் செய்த கன்னம் குளிர்ந்திருந்தது. டெக்ல நிக்குது, டெக்ல நிக்குது என்று அவர் இரண்டு தடவை முணுமுணுத்தார், நல்ல சாப்பாட்டைச் சாப்பிட்டவன் அதைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அப்புறம் தூங்கிவிட்டார்.

வெயில் தாழ்வதற்குள் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது. நர்ஸ் லாவெர்ன் வந்தாள், பார்த்தாள், பெர்லாவின் முதுகில் கையை வைத்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

பயந்த முகம் இல்லை அது. பெர்லா அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவர் மேல் அவளுக்குக் கோபமாகவும் வந்தது. எனக்காகக் கொஞ்சம் பயந்திருக்கலாமே, இன்னும் ஒரு நாள் பிடிவாதம் பிடித்திருக்கலாமே என்று.

இருட்டியபிறகு ஜோவியின் போன் வந்தது. சர்ச் பெண்கள் ஜெபமாலையோடு வந்து சோற்றுப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெர்லா போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, சரியாயிடுச்சு. விடிஞ்சதும் கிளம்பறோம். அப்பா எப்படி இருக்காரு?"

தூங்குகிறார் என்று சொல்லலாம். விடிகிற வரைக்கும் பிள்ளை நிம்மதியாக இருப்பாள்.

"அப்பா போயிட்டாரும்மா," என்றாள் பெர்லா.

"எப்போ?"

"சாயங்காலம். உன்கூடப் பேசினப்புறம் தூங்கினாரு. அப்படியே."

"சாயங்காலமா?" என்றாள் ஜோவி. "அம்மா, நான்…" நிறுத்தினாள். "வந்து சொல்றேன்."

மறுநாள் காலையில் பெர்லா ட்வைட்டை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே வேனை ஓட்டிக்கொண்டு விமானத் திடலுக்குப் போனாள். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. குட்டை மூக்கும் தடித்த வயிறுமாக அது வந்து இறங்கி, உருண்டு, நின்று, வாலைத் திறந்தது. உள்ளே வால் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் கண் கூச ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எத்தனையோ வருஷம் இதே கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்று அன்செல்மோவுக்காகக் காத்திருக்கிறாள். இறங்கிப் போகிற மற்றவர்களை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

கடைசியாக ஜோவி வந்தாள். ஹெல்மெட் அழுத்திய வரி நெற்றியில் சிவப்பாகக் கிடந்தது. முடி ஒட்டிப்போயிருந்தது. பெர்லா அவளைக் கட்டிக்கொண்டாள். எண்ணெய் வாடை, வியர்வை வாடை, என் பிள்ளை வாடை. ஜோவி அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நேத்து மத்தியானமே, அப்பாகூடப் பேசின கொஞ்ச நேரத்துல, ஒழுகல் நின்னுடுச்சும்மா. போதும், கிளம்பலாம்னு பைலட் சொன்னாரு. முழுசாச் சோதிக்கணும்னா இருட்டிடும், அப்புறம் காலையிலதான், நீ என்ன சொல்றேன்னு என்கிட்ட வந்து கேட்டாரு. நான்தான்… இன்னொரு தடவை பாத்துடுங்க சார்னேன். அப்பா சொன்னாரேன்னு. அப்பவே கிளம்பியிருந்தா அவரைப் பாத்திருப்பேன்ல?"

பெர்லா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பார்த்திருப்பாள். நன்றாகவே பார்த்திருப்பாள்.

"பாத்திருப்பே," என்றாள். "சோதிச்சதுல என்ன இருந்துது?"

"ஒண்ணுமே இல்லைம்மா. எல்லாம் சரியாத்தான் இருந்துது. சும்மா. சும்மாவே நின்னோம்!" அவள் உடம்பு குலுங்கியது.

பெர்லா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள்.

"ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுதுல்ல? அதுக்குத்தான்டி பாக்கறது. உங்கப்பா வாழ்நாள் பூரா பாத்தது அந்த ஒண்ணுமில்லையைத்தான். தினம் அதைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாரு."

பெண் அம்மாவின் தோளிலேயே அழுது தீர்த்தாள். பெர்லா அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியை அவள் புருஷன் இடுப்போடு தூக்கிச் சுற்றினான். இரண்டு பேர் சிகரெட்டுக்குத் தீ தேடினார்கள். ஒருவன் போனில் தன் அம்மாவிடம் வந்துட்டேன், வந்துட்டேன்னு சொல்றேன்ல என்று எரிந்து விழுந்துகொண்டிருந்தான். எரிந்து விழட்டும், நன்றாக இருக்கட்டும் என்று பெர்லா நினைத்தாள்.

நரைத்த மீசைக்காரர் ஒருவர் மட்டும் பெரிய கருவிப் பெட்டியோடு டாக்சி தேடிக்கொண்டு நின்றார். கப்பலில் ஏதோ இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் போன சிவிலியன்.

"எந்தப் பக்கம் போகணும்?" என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஸ்டேஷனுக்கும்மா. ரயில் மத்தியானம்தான்."

"அப்ப வந்து ஏறுங்க. எங்க வீட்ல சாவு. ஊரே சமைச்சுக் கொண்டு வந்து வச்சிருக்கு, சாப்பிட ஆள் இல்லை. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

அவர் தயங்கி, ஜோவியின் முகத்தைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிவிட்டு ஏறினார். முன்சீட்டில் கருவிப் பெட்டி உட்கார்ந்துகொண்டது. அவரும் ஜோவியும் பின்னால் உட்கார்ந்தார்கள்.

பேஸின் வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே ஜோவி தூங்கிப்போனாள். தலை சாய்ந்து சாய்ந்து கடைசியில் அந்த மீசைக்காரரின் தோளில் போய் விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் பதறிப்போய்க் கண்ணாடியில் பெர்லாவைப் பார்த்தார். பெர்லா உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். சரி என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார். வீடு வருகிறவரைக்கும் அந்தத் தோளை அவர் அசைக்கவே இல்லை.